மோட்டார் கண்ட்ரோலர் திட்டம் ஒன்றை ஏற்று நடத்தச் சொல்கிறார்கள். எடுக்கலாமா, வேண்டாமா?

அம்பத்தூர்_பட்டறை | ஞாயிறு, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு வாரம் தனியாக யோசித்தும் பிடிபடவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்குச் சின்னப் பட்டறை. ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர் போர்டு செய்வது தொழில். நான்கு ஆண்டுகளாக மின் ஸ்கூட்டர், சரக்கு வண்டி கண்ட்ரோலர்களும் (பேட்டரி மின்சாரத்தை அளந்து மோட்டாருக்குக் கொடுக்கும் பெட்டி) பழுது பார்க்கிறோம். நானும் என் அண்ணன் மகளும்தான். அவள் இசிஇ முடித்தவள்.

மூன்று ஆண்டுகளாக ஒரு திறந்த மூல, அதாவது வரைபடமும் கோடும் (நிரல்) எல்லோருக்கும் திறந்திருக்கும், கண்ட்ரோலர் திட்டத்துக்குச் சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பி வருகிறேன். ஐரோப்பாவில் இருக்கும் ஒருவர் தனி ஆளாகத் தொடங்கியது. மூளையாக எஸ்டிஎம்32 எஃப்405 சிப், மோட்டாரின் மூன்று ஃபேஸுக்கும் (மூன்று மின் லைன்) சேர்த்து 24 மாஸ்ஃபெட் (மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடும் சுவிட்ச்), மோட்டாரின் காந்தப் புலத் திசை பார்த்து மின்னோட்டம் செலுத்தும் எஃப்ஓசி முறையில் ஓடும் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றும் நிரல்). 72 வோல்ட், 200 ஆம்பியர் என்று முகப்பில் எழுதியிருக்கும். ஃபர்ம்வேருக்கு ஜிபிஎல் 3 உரிமம், போர்டுக்கு செர்ன் வன்பொருள் உரிமம், இரண்டும் திறந்த மூல உரிமங்கள். திட்டத்தின் பெயரை அவர் அறிவிக்கும்வரை நான் சொல்லக் கூடாது.

போன மாதம் அவரிடமிருந்து மெயில் வந்தது. வேலை மாறிவிட்டது, வீட்டில் கைக்குழந்தை, இனி முடியாது. நீங்கள் எடுத்துக்கொண்டால் திட்டப் பக்கத்தின் சாவியை (நிர்வாக உரிமை) கொடுத்துவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்த மாதக் கடைசியில் கிட்ஹப்பில் (கோடு வெளியிடும் தளம்) இருக்கும் அந்தப் பக்கத்தைப் பூட்டிவிடுகிறேன் என்றார்.

எனக்கு ஏன் ஆசை என்றும் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டிலிருந்து மீன் எடுத்து மூன்று சக்கர மின் வண்டியில் தெருத்தெருவாக விற்கும் ஒரு அம்மா, மழைக்காலத்தில் கண்ட்ரோலர் போய்விட்டது என்று வந்தார். திறந்தேன். உள்ளே முழுக்கக் கறுப்பு எப்பாக்ஸி ஊற்றியிருந்தது. சுரண்டிப் பார்த்தால் சிப்பின் மேல் இருந்த எண்ணைத் தேய்த்து அழித்திருந்தார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வண்டி விற்ற இடத்தில் அதே மாடல் இப்போது வருவதில்லை என்று சொல்லி, வேறு ஒன்று வரவழைத்துப் பொருத்த 11 நாள் ஆயிற்று. அந்த 11 நாளும் அவர் வாடகை ஆட்டோவில் மீன் கொண்டுபோனார். மிச்சம் என்ன நின்றிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

திறந்து பழுது பார்க்கக்கூடிய கண்ட்ரோலர் ஒன்று ஊரில் இருக்க வேண்டும். இதுதான் என் எண்ணம். ஆனால் கையில் இருப்பது இரவில் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை, ஒன்றரை லட்சம் ரூபாய். இது போதுமா?

சோல்டர்_புகை | ஞாயிறு, இரவு 11:15

அண்ணா, கேட்கவே வேண்டாம், எடுங்கள்!

இன்று உலகம் முழுக்க ஓடுகிற வெஸ்க் கண்ட்ரோலர் ஸ்வீடனில் பெஞ்சமின் வெடர் என்ற ஒருவர் மின் ஸ்கேட்போர்டுக்காகத் தன் கையால் செய்ததிலிருந்து வந்தது. ஓப்பன்இன்வெர்ட்டரும் ஜெர்மனியில் யோஹன்னஸ் ஹூப்னர் என்ற ஒருவர் தொடங்கியதுதான். பழைய கார்களை மின்சாரத்துக்கு மாற்றுகிறவர்களுக்கு இன்று அதுதான் துணை. இரண்டுமே பெரிய கம்பெனியிலிருந்து வரவில்லை.

கிட்ஹப்பில் பூட்டிய பக்கத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் வெஸ்க் போட்ட ஸ்கூட்டரை இரண்டு வருடமாக வைத்திருக்கிறேன். எஃப்ஓசி டியூனிங், ஆப் பக்கம் எல்லாவற்றிலும் உதவுகிறேன்.

கிண்டி_ஃபர்ம்வேர் | திங்கள், காலை 7:05

அம்பத்தூர் சார், வணக்கம். கார் உதிரிபாக நிறுவனம் ஒன்றில் 16 வருடமாக ஃபர்ம்வேர் எழுதுகிறேன். எடுங்கள், எடுக்காதீர்கள் என்று சொல்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி.

ஆக்சிலேட்டரின் கிரவுண்ட் ஒயர் அறுந்தால் உங்கள் போர்டு என்ன செய்யும்?

ஏன் கேட்கிறேன் என்றால், நம் வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் ஹால் வகை, அதாவது காந்தத்தை உணரும் சென்சார் வைத்த, ஆக்சிலேட்டர். 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல், மூன்றே ஒயர். திருகாதபோது சிக்னலில் சுமார் 0.8 வோல்ட், முழுக்கத் திருகினால் 4 வோல்ட் பக்கம். கிரவுண்ட் ஒயர் ஹேண்டில்பாரில் வளைந்து வளைந்து அறுந்தால், சென்சார் வழியாகவே சிக்னல் 5 வோல்ட்டை நோக்கி ஏறிவிடும். மேல் எல்லை பார்க்காத ஃபர்ம்வேர் அதை முழு ஆக்சிலேட்டர் என்றுதான் எடுத்துக்கொள்ளும். வண்டி தானாகப் பாயும். ஓட்டுபவர் கையை எடுத்தாலும் நிற்காது.

சிக்னல் ஒயர் அறுந்தால் வேறு கதை. உள்ளீட்டைக் கீழே இழுத்துப் பிடிக்கும் மின்தடை போர்டில் இல்லையென்றால் அந்தப் பின் அந்தரத்தில் தொங்கும். என்ன படிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

நண்பர் சொன்ன ஸ்கேட்போர்டு உதாரணம் நல்லதுதான். ஆனால் அங்கே ஓட்டுகிறவரும் செய்கிறவரும் ஒரே ஆள், ஆபத்தைத் தெரிந்து ஏறுகிறார். மீன் வண்டி அம்மாவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அவர் நம்மை நம்பி ஏறுகிறார்.

அம்பத்தூர்_பட்டறை | திங்கள், இரவு 11:50

கிண்டி சார், கேள்வியைப் படித்ததுமே வயிற்றைக் கலக்கியது. கோடில் மேல் எல்லை பார்த்த ஞாபகம் இல்லை. இன்று கடை மூடியதும் சோதித்தோம்.

48 வோல்ட் ஹப் மோட்டார் (சக்கரத்துக்குள்ளேயே இருப்பது), சக்கரம் ஸ்டாண்டில் காற்றில். சப்ளையை 5 ஆம்பியருக்கு மேல் தராதபடி கட்டி வைத்தேன். அண்ணன் மகள், மின் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஓட்டத்திலேயே கிரவுண்ட் ஒயரைக் கட்டரால் வெட்டினேன்.

சிக்னல் 4.9 வோல்ட்டுக்குப் போனது. சக்கரம் முழு வேகம். நான் ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை. அவள் பிரேக்கரை இறக்கிய பிறகுதான் அடங்கியது.

மூன்று வருடமாக இந்தப் போர்டோடு பழகுகிறேன். போர்டின் சூடு, அலைவடிவம், திறன் என்று எத்தனையோ அளந்திருக்கிறேன். இதை ஒருநாளும் செய்து பார்க்கவில்லை. இந்தத் திட்டத்தில் போர்டு செய்து ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்றும் தெரியாது. அவர்களில் யாருக்காவது நாளைக்கே அந்த ஒயர் அறுந்தால் என்ன ஆகும்?

திருவொற்றியூர்_சர்வீஸ் | செவ்வாய், காலை 9:30

தம்பி, நான் வண்டி சர்வீஸ் கடை. எனக்குக் கோடு தெரியாது, கடையில் பார்ப்பதைச் சொல்கிறேன்.

கண்ட்ரோலர் போச்சு என்று வரும் வண்டியில் பாதிக்குமேல் கண்ட்ரோலர் போயிருக்காது. ஹப் மோட்டார் அச்சிலிருந்து ஒயர் வெளியே வரும் இடத்தில் உராய்ந்து, மோட்டாரின் நிலையைச் சொல்லும் ஹால் சென்சார் ஒயர்கள் ஒன்றையொன்று தொட்டிருக்கும். 5 வோல்ட் லைன் ஷார்ட், அதனால் எல்லாம் செத்துக் கிடக்கும். விவரம் தெரியாதவர்கள் கண்ட்ரோலரை மாற்றுவார்கள், புதிதும் ஓடாது. அந்தக் காசும் போச்சு.

உண்மையாகவே போர்டு போயிருந்தால் வண்டியைத் தள்ளும்போதே கை சொல்லிவிடும். மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகிவிட்டால் மோட்டாரே பிரேக் மாதிரி பிடிக்கும். வண்டி விட்டு விட்டு இழுக்கும். மூன்று ஃபேஸ் ஒயரையும் கழற்றிவிட்டுத் தள்ளிப் பார்ப்பேன். சக்கரம் லேசாகச் சுற்றினால் குற்றம் போர்டில். அப்போதும் இறுக்கமாக இருந்தால் மோட்டாரில். இந்தச் சோதனைக்கு மீட்டர்கூட வேண்டாம்.

அப்புறம் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போன பிறகு ஒரு மாதம் கடையில் நிற்க இடமில்லை. எங்கள் பக்கம் கடல் காற்று வேறு. கனெக்டர் பின்னெல்லாம் பச்சை பூத்துவிடும். சீட்டுக்கு அடியில் தண்ணீர் ஏறும் வண்டிக்குப் போர்டு எவ்வளவு நன்றாக இருந்து என்ன, கனெக்டரில் உப்பு ஏறினால் முடிந்தது.

எனக்கு வேண்டியது இரண்டுதான். நான்கு ஸ்க்ரூ கழற்றினால் திறக்க வேண்டும். என்ன கோளாறு என்று ஒரு விளக்கு கண்சிமிட்டிச் சொல்ல வேண்டும். ஹால் கோளாறுக்கு மூன்று முறை, ஆக்சிலேட்டர் கோளாறுக்கு ஐந்து முறை என்கிற மாதிரி. ஆப் எல்லாம் எங்கள் பையன்களுக்கு வேண்டாம்.

சோல்டர்_புகை | செவ்வாய், காலை 9:52

அண்ணா, அந்தக் கிரவுண்ட் ஒயர் விஷயம் பத்து வரி கோடு. 0.5 வோல்ட்டுக்குக் கீழே, 4.5க்கு மேலே போனால் கோளாறு என்று நிறுத்திவிடலாம். சாவி போட்டதும் ஆக்சிலேட்டர் ஓய்வில் இருந்தால்தான் மோட்டாரைத் திறக்க வேண்டும் என்றும் சேர்த்துவிடலாம். இன்று இரவே எழுதித் தருகிறேன். இதற்காகத் திட்டத்தையே விட வேண்டுமா?

கிண்டி_ஃபர்ம்வேர் | செவ்வாய், மதியம் 1:20

தம்பி, பத்து வரிதான், நான் மறுக்கவில்லை. அந்தப் பத்து வரி இத்தனை வருடம் இல்லாமல் இருந்தது என்பதுதான் என் கவலை. இது இல்லையென்றால் இன்னும் எது இல்லை?

நேற்று இரவு அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துக் கோடைப் படித்தேன். அதிக மின்னோட்டம் பாய்ந்தால் நிறுத்துவது முழுக்க மென்பொருளில் நடக்கிறது. மோட்டாருக்குப் போகும் துடிப்பு நொடிக்கு 20,000. ஒரு சுற்றுக்கு 50 மைக்ரோ விநாடி. அந்தச் சுற்று முடிந்துதான் கோடு பார்த்து முடிவெடுக்கும். ஷார்ட் ஆனால் மாஸ்ஃபெட் தாங்குவது சில மைக்ரோ விநாடிகள்தான். எஸ்டிஎம்32 சிப்பில் அந்தத் துடிப்பை உண்டாக்கும் டைமரிலேயே பிரேக் இன்புட் (துடிப்பை உடனே நிறுத்தும் உள்ளீடு) என்று ஒரு பின் இருக்கிறது. ஒரு கம்பேரேட்டரை (மின்னோட்டம் எல்லை தாண்டியதும் சிக்னல் தருவது) அதில் கட்டினால், ப்ராசஸர் தொங்கி நின்றாலும், மாஸ்ஃபெட்டுகளைத் திறந்து மூடும் ஆறு கேட் சிக்னலையும் வன்பொருளே மூடிவிடும். இந்தப் போர்டில் அந்தப் பின் வேறு எதற்கோ போயிருக்கிறது. கோடு மட்டும் மாற்றிச் சரிசெய்ய முடியாது, போர்டையே மறுபடி வரைய வேண்டும்.

சார், எடுத்து நடத்துவது என்றால் கோடு உங்கள் கைக்கு வருகிறது என்பது மட்டும் இல்லை. இதற்கு முன் போர்டு செய்து ஓட்டுகிறவர்கள் எல்லோரும் உங்கள் பொறுப்பில் வருகிறார்கள். பிரதி எடுத்து வேறு பெயரில் புதிதாகத் தொடங்கினால் அந்தச் சுமை வராது. என் யோசனை அதுதான்.

ரிச்சி_தெரு | செவ்வாய், மாலை 6:45

உதிரிபாகக் கடை சார்பில் நான்கு வார்த்தை.

போர்டு ஒரே சிப்பை நம்பி இருக்கிறது. 2021 சிப் தட்டுப்பாட்டில் எஸ்டிஎம்32 என்ன விலைக்குப் போனது என்று இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். மறுபடி வரைவதாக இருந்தால், கால்கள் ஒத்துப்போகும் இன்னொரு சிப்புக்கும் இடம் விட்டு வரையுங்கள்.

மாஸ்ஃபெட்டில் போலி அதிகம். மலிவான ஒன்றின் முகத்தைத் தேய்த்துவிட்டு நல்ல கம்பெனி எண்ணை லேசரில் பொறித்து விற்கிறார்கள். வாங்கியதும் இரண்டு சோதனை செய்யுங்கள். மாஸ்ஃபெட்டைத் திறக்கும் காலான கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்து 10 ஆம்பியர் பாய்ச்சி, கால்களின் அடியிலேயே மீட்டர் முனையை வைத்து மில்லிவோல்ட் பாருங்கள். 4 மில்லி ஓம் என்று சொல்லும் பாகம் 40 மில்லிவோல்ட் காட்ட வேண்டும். 90 காட்டினால் திருப்பிக் கொடுங்கள். இரண்டாவது, கேட் காலை சோர்ஸ் காலோடு சேர்த்துவிட்டு, பெரிய மின்தடை வழியாக வோல்ட்டை மெல்ல ஏற்றி எங்கே உடைகிறது என்று பாருங்கள். 100 வோல்ட் பாகம் 80க்கே உடைந்தால் அது வேறு குட்டி.

கெப்பாசிட்டரிலும் ஏமாறாதீர்கள். 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்கு, இதுதான் பொதுவான கணக்கு. கத்திரி வெயிலில் அண்ணா சாலை சிக்னலில் நிற்கிற வண்டியின் சீட்டுக்கு அடியில் எவ்வளவு சூடு இருக்கும் என்று ஒரு தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க இது இடம் இல்லை.

வேளச்சேரி_வி | செவ்வாய், இரவு 9:10

வாகன அங்கீகார வேலையில் ஆவணங்கள் தயார் செய்வது என் தொழில். அம்பத்தூர் சாருக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, பதிவு செய்த வண்டி. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. திறன் கூடிய கண்ட்ரோலரை நீங்களாகப் பொருத்திவிட்டுச் சாலையில் விட்டால் பதிவும் காப்பீடும் கேள்விக்குள்ளாகும். தொடர்ந்து 30 நிமிடம் தரும் திறன் 250 வாட்டுக்குக் கீழ், வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழ், பேட்டரி இல்லாமல் எடை 60 கிலோவுக்கு மிகாமல் இருக்கும் இருசக்கர வண்டிகள் தனி வகை. அவற்றுக்குப் பதிவு வேண்டாம். ஆனால் அதுவும் அங்கீகாரச் சோதனையில் தேறிய மாடலுக்குத்தான், பட்டறையில் மாற்றியதுக்கு இல்லை.

இரண்டாவது, ஜிபிஎல் 3. யாராவது வண்டி தயாரிப்பாளர் வந்து உங்கள் ஃபர்ம்வேரைப் போட்டுத் தருகிறேன் என்று சொன்னால், அவர் வாடிக்கையாளருக்கு மூலக் கோடு தர வேண்டும். அதோடு, மாற்றிய ஃபர்ம்வேரை அதே போர்டில் ஏற்றத் தேவையான விவரங்களையும் சாவிகளையும் தர வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு விற்கும் எந்தப் பொருளுக்கும் இந்த நிபந்தனை உண்டு. பாதுகாப்புக்காகப் போர்டைப் பூட்டி விற்க நினைக்கும் நிறுவனங்கள் இதைப் பார்த்ததும் விலகிவிடும். பணம் அந்தப் பக்கமிருந்து வரும் என்று எண்ணி இறங்காதீர்கள். உரிமத்தை மாற்றலாமே என்றால், இதுவரை கோடு எழுதிய ஒவ்வொருவரும் சம்மதிக்க வேண்டும்.

மூன்றாவது, உத்தரவாதம் எதுவும் இல்லை என்று உரிமத்தின் கடைசியில் பெரிய எழுத்தில் இருக்கிறது. கோடை இலவசமாக வெளியிடும்வரை அது உங்களுக்கு ஓரளவு குடை. போர்டை அசெம்பிள் செய்து பில் போட்டு விற்ற நொடியில் நீங்கள் பொருள் விற்றவர். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் வரும் பாதிப்புக்குப் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. ஆகவே வெளியிடுவதையும் விற்பதையும் ஒரே முடிவாக எடுக்காதீர்கள்.

சாலைக்கே கொண்டுபோகும் நாள் வந்தால் ஒரகடத்தில் ஜிஏஆர்சி என்ற வாகனச் சோதனை மையம் இருக்கிறது. புனே வரை போக வேண்டியதில்லை. ஆனால் அது மிகப் பிந்தைய பேச்சு.

அம்பத்தூர்_பட்டறை | புதன், அதிகாலை 12:30

வேளச்சேரி மேடம், வெளியிடுவதும் விற்பதும் வேறு என்று நீங்கள் பிரித்துச் சொன்னது பெரிய தெளிவு. நான் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திட்டத்தை நிறுவியவருக்கு எழுதியிருந்தேன். 200 ஆம்பியர் என்று போட்டிருக்கிறீர்களே, எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்த்தீர்கள் என்று. நேர்மையாகப் பதில் சொன்னார். அவர் தன் சைக்கிளில் தொடர்ந்து ஓட்டியது 45 ஆம்பியர். 200 என்பது மாஸ்ஃபெட் தாளில் இருந்து போட்ட கணக்கு. 72 வோல்ட் பேட்டரி அவரிடம் இருந்ததே இல்லை, அவரும் 48தான்.

அந்த எண்ணை நம்பி நானே இரண்டு பேரிடம் இந்தப் போர்டைச் சொல்லியிருக்கிறேன். உடனே இருவரையும் கூப்பிட்டு வண்டியில் பொருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒருவர் பொருத்தி ஒரு வாரம் ஆயிற்று. கழற்றிவிட்டார்.

தரமணி_ஆய்வு | புதன், காலை 10:15

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். மின் இயக்கிகளில் ஆய்வு மாணவி நான்.

72 வோல்ட் விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். 72 என்று விற்கும் 20 செல் பேட்டரி முழுச் சார்ஜில் 84 வோல்ட். போர்டில் இருப்பது 100 வோல்ட் மாஸ்ஃபெட். மிச்சம் 16 வோல்ட். ஒவ்வொரு முறை மாஸ்ஃபெட் அணையும்போதும் போர்டுத் தடங்களின் தூண்டலால் ஒரு கூர்மையான எகிறல் வரும். 200 ஆம்பியரை வேகமாக அணைத்தால் அந்த 16 வோல்ட்டை அது தின்றுவிட வாய்ப்பு அதிகம்.

இதைவிட எனக்குப் பயம் தருவது ஃபீல்டு வீக்கனிங். இந்த ஃபர்ம்வேரில் அது இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கிறது. மோட்டார் சுற்றும்போது அதுவே ஒரு ஜெனரேட்டர், வேகத்துக்கு ஏற்ப எதிர் மின்னழுத்தம் உண்டாக்கும். அது பேட்டரியின் வோல்ட்டை எட்டும் வேகத்துக்கு மேல் வண்டி போகாது. காந்தத்தின் திசையில், அதாவது டி அச்சில், எதிர் மின்னோட்டம் செலுத்திக் காந்தப் புலத்தைத் தணித்து, அந்த எல்லையைத் தாண்டி ஓட்டுவதுதான் ஃபீல்டு வீக்கனிங். ஓடும்வரை நன்றாகத்தான் ஓடும். ஆனால் அந்த வேகத்தில் போகும்போது ஏதோ கோளாறு என்று கண்ட்ரோலர் எல்லாவற்றையும் அணைத்தால், தணிப்பு நின்றுவிடும். முழு எதிர் மின்னழுத்தமும் தள்ள, மாஸ்ஃபெட்டுக்குள் இருக்கும் டயோடுகள் வழியாக மின்னோட்டம் பேட்டரிக்குப் பாயும். ஓட்டுபவருக்குத் திடீரென்று பிரேக் பிடித்த மாதிரி இருக்கும். அதே நேரத்தில் பிஎம்எஸ் (பேட்டரியின் காவல் சுற்று) பேட்டரியைத் துண்டித்துவிட்டால் அந்த ஆற்றலுக்குப் போக இடம் இல்லை. கெப்பாசிட்டர் வோல்ட் ஏறும், மாஸ்ஃபெட் உடையும்.

கிண்டி சார் சொன்ன கோளாறில் அணைத்தால் வண்டி நிற்கும். இங்கே அணைப்பதே ஆபத்து. ஆகவே நிறுத்துவது எப்படி என்பது வேகத்தைப் பொறுத்து மாறும். அந்த யோசனையே இந்தக் கோடில் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், எடுங்கள் என்றுதான் சொல்வேன். 2025 ஏப்ரலில் சீனா டிஸ்புரோசியம், டெர்பியம் உள்ளிட்ட அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டபோது காந்தம் கிடைக்காமல் இங்கே வண்டி உற்பத்தியே தடுமாறியது. அரிய மண் வேண்டாத ஃபெரைட் காந்தம், காந்தமே இல்லாத ரிலக்டன்ஸ் மோட்டார் பக்கம் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த மோட்டார்களுக்கு டி அச்சு, அதற்குச் செங்குத்தான கியூ அச்சு இரண்டிலும் மின்னோட்டத்தைச் சரியாகப் பங்கிட வேண்டும். எப்பாக்ஸி ஊற்றிய டப்பாவை வைத்துக்கொண்டு ஒரு மாணவி அதைக் கற்க முடியாது. திறந்த கோடு வேண்டும். ஐஐடி மெட்ராஸில் சக்தி ப்ராசஸரைத் திறந்த மூலமாகச் செய்திருக்கிறார்கள். மோட்டார் பக்கத்திலும் நம்மிடம் ஒன்று இருக்க வேண்டாமா?

சோதனைக்கு, மோட்டாரின் திறனை அளக்கும் பெரிய டைனமோமீட்டர் வேண்டாம். ஒரே மாதிரி இரண்டு மோட்டாரை அச்சோடு அச்சாக இணையுங்கள். ஒன்று ஓட்டட்டும், மற்றொன்று பிரேக் பிடிக்கட்டும். இரண்டு கண்ட்ரோலரும் ஒரே டிசி லைனில். பிரேக் பிடிப்பது திருப்பித் தரும் மின்சாரத்தை ஓட்டுவது எடுத்துக்கொள்ளும். சப்ளை தர வேண்டியது வீணாவது மட்டும்தான். சின்ன சப்ளையிலேயே பெரிய மின்னோட்டத்தை மணிக்கணக்கில் ஓட்டலாம். இணைப்பு அச்சு வரைபடம் தருகிறேன்.

சோல்டர்_புகை | புதன், காலை 11:00

மேடம், ஃபீல்டு வீக்கனிங்கை எடுத்துவிட்டால் இந்தப் போர்டைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் போய்விடுவார்கள். எல்லோரும் வேகத்துக்காகத்தான் வருகிறார்கள். நானும் அதற்காகத்தான் என் வெஸ்க்கில் ஃபீல்டு வீக்கனிங்கைத் திறந்து வைத்திருக்கிறேன்.

திருவொற்றியூர்_சர்வீஸ் | புதன், மதியம் 2:40

தம்பி, கோபித்துக்கொள்ளாதே. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஓடுகிற வண்டி திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவன் என்ன செய்வான்? வேகம் வேண்டியவர்கள் போகட்டும். எங்களுக்கு 25, 30 போதும்.

சோல்டர்_புகை | புதன், இரவு 8:05

திருவொற்றியூர் அண்ணா சொன்னதை நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். சரிதான். என் வண்டியிலும் இன்று அதை அணைத்துவிட்டேன். 52 கிலோமீட்டர் வேகம் போனது 44 ஆகிவிட்டது, பரவாயில்லை.

ஆக்சிலேட்டர் திருத்தம் எழுதி அம்பத்தூர் அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். கிண்டி சார் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

கிண்டி_ஃபர்ம்வேர் | வியாழன், காலை 6:50

பார்த்தேன் தம்பி. நன்றாக எழுதியிருக்கிறாய். இரண்டு இடம் மாற்ற வேண்டும். எல்லையைத் தாண்டினால் மோட்டாரை உடனே வெட்டாமல் அரை நொடியில் மெல்ல இறக்கு. வளைவில் போகும்போது இழுவை சட்டென்று போனாலும் ஆள் தடுமாறுவார். இன்னொன்று, ஒயர் மறுபடி ஒட்டிக்கொண்டால் தானாக ஓடத் தொடங்கக் கூடாது. சாவியை அணைத்துப் போட்டால்தான் திறக்க வேண்டும். அறுந்த ஒயர் குலுங்கலில் ஒட்டும், பிரியும், ஒட்டும்.

அம்பத்தூர்_பட்டறை | சனி, இரவு 10:20

முடிவு எடுத்துவிட்டேன். நிறுவியவருக்கு இன்று மாலை எழுதினேன், ஒப்புக்கொண்டார்.

கிண்டி சார், பிரதி எடுத்துப் புதிதாகத் தொடங்கச் சொன்னீர்கள். அதில்தான் அதிக நாள் நின்றேன். எனக்கு அதுதான் சுலபம். ஆனால் அப்படிச் செய்தால் பழைய பக்கம் 200 ஆம்பியர் என்ற எழுத்தோடு அப்படியே பூட்டப்பட்டு நிற்கும். அந்த எண்ணைப் படித்து இன்னும் யாராவது போர்டு செய்வார்கள். ஏற்கெனவே செய்தவர்களுக்கு ஆக்சிலேட்டர் விஷயத்தைச் சொல்ல வழியே இருக்காது. அந்தப் பக்கத்தின் சாவி கையில் இருந்தால்தான் அவர்களுக்குத் தகவல் போகும். அதனால் பழைய பெயரிலேயே எடுக்கிறேன்.

எடுத்ததும் முதல் வேலை முகப்பை மாற்றுவது. 72 வோல்ட்டையும் 200 ஆம்பியரையும் அழிக்கிறோம். 48 வோல்ட், 45 ஆம்பியர், சோதித்தது இவ்வளவுதான் என்று எழுதுகிறோம். ஆக்சிலேட்டர் திருத்தம் மட்டும் உள்ள வெளியீடு அதே நாளில் போகும். திட்டப் பக்கத்தில் தீர்க்காமல் இருக்கும் 63 புகார்களில் எழுதிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தகவல் அனுப்பும் வேலையை அண்ணன் மகள் எடுத்துக்கொண்டாள். ஃபீல்டு வீக்கனிங் கோடை நீக்கவில்லை, ஆனால் இயல்பாக அணைந்திருக்கும். பெஞ்ச்சில் (சோதனை மேசை) ஓட்டுகிறவர் தானே கோடில் அதைத் திறந்து கம்பைல் செய்தால்தான் வரும்.

போர்டு விற்க மாட்டோம். குறைந்தது புதிய வரைவு, டைமரின் பிரேக் பின் சரியாக இணைத்த வரைவு, பெஞ்ச்சில் தேறும்வரை. சாலை வண்டியில் பொருத்தவும் மாட்டோம். ஒன்றரை லட்சத்தில் பெரும்பகுதி தரமணி மேடம் சொன்ன இரட்டை மோட்டார் பெஞ்ச்சுக்குப் போகிறது.

சாவி என் ஒருவனிடம் இருக்காது. கிண்டி சாரைக் கேட்டிருக்கிறேன். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எந்த மாற்றமும் இரண்டு பேர் பார்க்காமல் உள்ளே போகக் கூடாது. நாளைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தாலும், நிறுவியவருக்கு வந்த மாதிரி வேறு சூழ்நிலை வந்தாலும், திட்டம் ஒரு மெயிலில் தொங்கக் கூடாது.

மீன் வண்டி அம்மாவுக்கு இதனால் இந்த வருடம் எதுவும் கிடைக்காது. தெரியும். அவருக்கு இப்போது செய்ய முடிந்தது ஒன்றுதான்: கனெக்டர்களைக் கழுவி, கிரீஸ் தடவி, ஹால் ஒயர் உராயும் இடத்தில் ஸ்லீவ் போட்டுக் கொடுத்தேன். திருவொற்றியூர் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகுதான் அது தோன்றியது.

கிண்டி_ஃபர்ம்வேர் | சனி, இரவு 10:45

இரண்டாவது சாவியை ஏற்றுக்கொள்கிறேன் சார். அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி கேட்டிருக்கிறேன். வந்ததும் தொடங்கலாம். பழைய பயனர்கள் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, நான் அந்தக் கோணத்தில் பார்க்கவில்லை.

திருவொற்றியூர்_சர்வீஸ் | ஞாயிறு, காலை 7:30

செத்த கண்ட்ரோலர் ஒன்பது எடுத்து வைத்திருக்கிறேன். எது எப்படிச் செத்தது என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருக்கிறேன். நான்கு தண்ணீர், மூன்று ஃபேஸ் ஷார்ட், இரண்டு தெரியவில்லை. பெஞ்ச்சில் அதே மாதிரி சாகடித்துப் பாருங்கள்.

அம்பத்தூர்_பட்டறை | ஞாயிறு, மாலை 5:15

கிண்டி சார் சொன்ன இரண்டு திருத்தத்தோடு புதிய ஃபர்ம்வேரை ஏற்றி, அதே மோட்டாரில் மறுபடி கிரவுண்ட் ஒயரை வெட்டினோம். சக்கரம் அரை நொடியில் இறங்கி நின்றது. ஒயரை ஒட்டி ஒட்டிப் பிரித்தோம், 20 முறை. ஒருமுறைகூடத் தானாக ஓடவில்லை. விளக்கு ஐந்து முறை கண்சிமிட்டியது.

சிக்னல் ஒயர், 5 வோல்ட் ஒயர், ஹால் ஒயர்கள் அடுத்த ஞாயிறு. வருகிறவர்கள் காலை 9 மணிக்கு எஸ்டேட் பேருந்து நிலையத்துக்கு வந்து கூப்பிடுங்கள், வந்து அழைத்துப் போகிறேன். செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போட்டு வாருங்கள்.